இறக்கை ஓரத்தில் நாட்ச் சிக்னல்: பழ ஈயில் முதல் கிராஸ் முதல் கடைசிப் படம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சேலம் வட்டாரக் கல்லூரிகளில் விலங்கியல், பயோடெக்னாலஜி எம்.எஸ்சி. படித்து, கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்குப் பழ ஈயை (ட்ரோசோஃபிலா) எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: வளரும் இறக்கையில் நாட்ச் சிக்னல் எந்தச் செல்களில், எந்த நேரத்தில், எவ்வளவு வலுவாக இயங்க வேண்டும் என்பதை ஈ எப்படிக் கட்டுப்படுத்துகிறது?

புதிதாக வருபவர்கள் மைக்ரோஸ்கோப் முன் உட்கார்ந்தபிறகுதான் சிக்கல் தெரிகிறது. ஆனால் அது தொடங்கியிருப்பது மூன்று வாரம் முன்னால், வெப்பநிலையிலும் கிராஸ் (இரு வகை ஈக்களை இணைசேர்த்தல்) போட்ட வரிசையிலும். அதனால் கீழே முன்தயாரிப்புக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. பாதையை முதலில் தாளில் வரையுங்கள்

நாட்ச் என்பது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி. அதைத் தூண்டும் டெல்டா, செரேட் இரண்டும் பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பவை. ஆகவே தொட்டுக்கொண்டிருக்கும் செல்களுக்கு இடையில்தான் இந்தச் சிக்னல் நடக்கும்.

தூண்டல் கிடைத்ததும் நாட்ச் புரதம் இரண்டு இடத்தில் வெட்டுப்படுகிறது: செல்லுக்கு வெளியே குஸ்பேனியன் என்ற நொதியால், பிறகு சவ்வுக்குள் காமா செக்ரிடேஸால். விடுபட்ட உள்துண்டு நியூக்ளியஸுக்குள் போய், டி.என்.ஏ.வில் உட்காரும் சப்ரஸர் ஆஃப் ஹேர்லெஸ் புரதத்தோடும் மாஸ்டர்மைண்டோடும் சேர்ந்து ஜீன்களை இயக்குகிறது. துண்டு வராதபோது ஹேர்லெஸ் என்ற புரதம் அதே இடத்தைப் பிடித்து ஜீன்களை மூடி வைக்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாட்ச் மூலக்கூறு வெட்டுப்பட்டால் ஒரு துண்டுதான் கிடைக்கும். நடுவில் பெருக்கிக் கொடுக்க எதுவும் இல்லை. அதனால்தான் ஜீனின் அளவு பாதியானாலே விளைவு தெரிகிறது. நாட்ச் ஜீனின் ஒரு பிரதியை இழந்த பெண் ஈக்கு இறக்கை ஓரம் பிய்ந்திருக்கும். அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், இருக்கும் ஒரே பிரதியையும் இழந்த ஆண் கருவிலேயே இறந்துபோகும்.

இறக்கை உருவாவது புழுவுக்குள் இருக்கும் இறக்கை டிஸ்க் என்ற தட்டையான செல் பையிலிருந்து. அதன் மேல்பக்கச் செல்களில் அப்டீரஸ் ஜீன் இயங்குகிறது. அது செரேட்டையும் ஃப்ரிஞ்ச்சையும் இயக்குகிறது. ஃப்ரிஞ்ச் கோல்ஜியில் நாட்ச்சின் மேல் சர்க்கரை சேர்க்கும் நொதி. அப்படிச் சர்க்கரை ஏறிய நாட்ச் செரேட்டுக்குச் சரியாக மசியாது, டெல்டாவுக்கு எளிதில் மசியும். விளைவாக, மேல்பக்கத்துச் செரேட் கீழ்ப்பக்கச் செல்லைத் தூண்டுகிறது, கீழ்ப்பக்கத்து டெல்டா மேல்பக்கச் செல்லைத் தூண்டுகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் மட்டும் நாட்ச் உச்சத்தில் இயங்கும். அங்கே விங்லெஸ், கட் ஆகிய ஜீன்கள் இயங்கி, அந்தக் கோடே பிற்பாடு இறக்கையின் ஓரமாகிறது.

இந்தப் படத்தை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உங்கள் கையால் வரையுங்கள். பின்னால் எந்தப் புரதத்துக்கு ஏன் சாயம் போடுகிறோம் என்ற கேள்விக்கெல்லாம் பதில் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

2. வெப்பநிலையை நிலைநிறுத்துங்கள்: இது முடியாமல் ஈயை வாங்காதீர்கள்

நாம் பயன்படுத்தப்போவது கேல்4–யூ.ஏ.எஸ். முறை. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த கேல்4 புரதத்தை இறக்கையின் குறிப்பிட்ட பகுதியில் மட்டும் உண்டாக்கி, யூ.ஏ.எஸ். வரிசைக்குப் பின்னால் வைத்த ஜீனை அங்கே மட்டும் இயக்குவது. பிராண்ட், பெரிமன் இருவரும் 1993-இல் கொடுத்த வழி. ஈயில் கேல்4-இன் வலு வெப்பத்தைப் பொறுத்தது: 18 டிகிரியில் மந்தம், 25-இல் நடுத்தரம், 29-இல் உச்சம்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதப் பகல் 38, 39 டிகிரியைத் தொடும். ஜனவரி விடிகாலை 20-க்குக் கீழே இறங்கும். வையலை மேஜையில் வைத்துவிட்டுச் செய்யும் சோதனையில், உங்கள் அனுமதி இல்லாமலே சிக்னலின் வலு தினமும் ஏறி இறங்கும். 30 டிகிரியை ஒட்டி வளர்ந்த ஆண் ஈக்கள் மலடாகிவிடும், ஸ்டாக்கே (தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் ஈ வகை) போய்விடும்.

கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் சாதாரண பாக்டீரியா இன்குபேட்டர் சூடுபடுத்த மட்டுமே செய்யும். வெளியே 36 டிகிரி இருக்கும்போது அதில் 25 என்று குமிழைத் திருப்பி வைத்தாலும் உள்ளே 36-க்கு மேல்தான் இருக்கும். உங்களுக்குத் தேவை குளிரூட்டும் வசதியுள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர். குறைந்தது இரண்டு: ஒன்று 18-க்கு, மற்றது 25 அல்லது 29-க்கு.

முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். தண்ணீர் நிரப்பிய குப்பியில் தெர்மாமீட்டரை நிறுத்தி, மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு மூன்றிலும் ஒரு வாரம் காலை மாலை எழுதி வையுங்கள். தட்டுக்குத் தட்டு இரண்டு டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். கன்ட்ரோலும் சோதனை வையலும் ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான். உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து ஈரப்பதத்தைக் காப்பாற்றுங்கள். இல்லையென்றால் உணவு வறண்டு விளிம்பிலிருந்து கழன்று வரும்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் பொழுதில் வரும். அந்த நாளை முன்கூட்டியே அறிந்து, ஜெனரேட்டர் இணைப்புள்ள அறையில் இன்குபேட்டரை வைக்க ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால், நாள்கணக்குப் பார்க்கும் கிராஸை அந்த வாரத்தில் தொடங்காதீர்கள்.

ஏற்காட்டில் தெரிந்தவர் வீடு இருக்கிறது, அங்கே வைத்தால் இன்குபேட்டரே வேண்டாமே என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். சேர்வராயன் மலை சுமார் 1500 மீட்டர் உயரம். மரபணு மாற்றம் செய்யாத காட்டுவகை ஈயை அங்கே வைத்தால் சுகமாகவே வளரும். ஆனால் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் மலையிலும் உண்டு, சோதனைக்கு அது உதவாது. கேல்4, யூ.ஏ.எஸ். ஈக்களோ மரபணு மாற்றியவை. அனுமதி பெற்ற ஆய்வகத்தை விட்டு அவற்றை யார் வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது.

3. உணவும் அறையும்

ஒரு லிட்டர் உணவுக்கு: மக்காச்சோள மாவு 80 கிராம், சர்க்கரை 50 கிராம், உலர் ஈஸ்ட் 20 கிராம், அகர் 8 முதல் 10 கிராம். கொதிக்கவைத்து இறக்கி, 60 டிகிரிக்கு ஆறியபிறகு புரோபியோனிக் அமிலம் 4 மில்லி, எத்தனாலில் கரைத்த மெத்தில் பாரபென் 1 கிராம். கொதிக்கும்போதே இவற்றை ஊற்றினால் ஆவியாகிப் போய், நான்காம் நாள் பூஞ்சை பிடிக்கும்.

மாவு நமக்குப் பிரச்சினை இல்லை. ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோளம் நிறைய விளைகிறது. ஆனால் சேமிப்பில் பூச்சிமருந்து தூவிய தானியம் கலந்திருக்கலாம். புது மூட்டை வந்தால் முதலில் ஒரு சின்னத் தொகுதி உணவு செய்து, சாதாரண ஈயைப் போட்டு, புழுக்கள் நன்றாக வருகின்றனவா என்று ஒரு தலைமுறை பாருங்கள்.

அறையில் கொசுவத்தி, லிக்விட் வேப்பரைசர், கரப்பான் ஸ்பிரே எதுவும் கூடாது. இரவுக் காவலரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் நேரில் சொல்லி, கதவில் எழுதியும் ஒட்டுங்கள். ஸ்டாக் முழுவதும் ஒரே இரவில் செத்துக் கிடந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

மாம்பழக் காலத்தில் ஊரெங்கும் பழ ஈ. அவை ஆய்வகத்துக்குள்ளும் வரும். பஞ்சு அடைப்பை இறுக்கி வையுங்கள். பழச்சாறு, சிறிது வினிகர் ஊற்றிய பொறிகளை மூலைகளில் வைத்து, பொறியில் விழும் ஈக்களை எண்ணிக்கொண்டிருங்கள். எண்ணிக்கை கூடினால் கிராஸ் வேலையை அந்த அறையில் செய்ய வேண்டாம்.

4. ஸ்டாக்: எவை, எங்கிருந்து, எப்படி

குறைந்தபட்சம் தேவைப்படுபவை:

- கன்ட்ரோலுக்கு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க, வெள்ளைக்கண் டபிள்யூ1118.
- சி96-கேல்4: டிஸ்க்கில் மேல்–கீழ் எல்லையை ஒட்டி, அதாவது வருங்கால ஓரத்தில், இயங்குவது.
- என்கிரெய்ல்ட்-கேல்4, யூ.ஏ.எஸ்.-ஜி.எஃப்.பி. (பச்சையாக ஒளிரும் புரதம்) இரண்டும் ஒரே குரோமோசோமில் உள்ள ஸ்டாக்: டிஸ்க்கின் பின்பாதியில் மட்டும் இயங்கும்.
- யூ.ஏ.எஸ்.-நாட்ச்-ஆர்.என்.ஏ.ஐ., அதாவது நாட்ச் ஜீனின் ஆர்.என்.ஏ.வை அழித்து அதன் அளவைக் குறைப்பது: ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு லைன்கள் (தனித்தனி ஸ்டாக்குகள்).
- ஈயில் இல்லாத ஜீனைக் குறிவைக்கும் யூ.ஏ.எஸ்.-ஆர்.என்.ஏ.ஐ., உதாரணமாக எம்செர்ரி. நாட்ச் லைன் எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறதோ அதே இடத்தில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.
- வசதி இருந்தால் டியூபுலின்-கேல்80-டி.எஸ். (இதன் வேலை பகுதி 12-இல்), ஹேர்லெஸ் மியூட்டன்ட், யூ.ஏ.எஸ்.-டெல்டா, யூ.ஏ.எஸ்.-செரேட்.

அமெரிக்காவின் ப்ளூமிங்டன் ஸ்டாக் சென்டரில் இவையெல்லாம் உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து உயிருள்ள ஈயை வரவழைக்க அனுமதிக் காகிதங்களும் மாதக்கணக்கில் காலமும் வேண்டும். ஒரு செமஸ்டரில் நடக்காது. மைசூர் பல்கலைக்கழகத்தில் ட்ரோசோஃபிலா ஸ்டாக் சென்டர் இருக்கிறது. பெங்களூருவில் தேசிய உயிரியல் அறிவியல் மைய வளாகத்திலும் பிற இடங்களிலும் ஈ ஆய்வகங்கள் இருக்கின்றன. வழிகாட்டி ஆசிரியர் மூலம் எழுதிக் கேளுங்கள். மரபணு மாற்றிய ஈ என்பதால் உங்கள் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலை அதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும்.

பெங்களூரிலிருந்து சேலம் சாலை வழியே ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வையல்களைத் தெர்மாக்கோல் பெட்டியில் வைத்து இரவுப் பயணத்தில் கொண்டுவாருங்கள். ஐஸை வையலோடு ஒட்ட வைத்தால் உள்ளே நீர் கோத்து ஈக்கள் சுவரில் ஒட்டிச் சாகும். பெட்டியைப் பகல் வெயிலில் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது எதுவும் மிஞ்சாது.

வந்த ஸ்டாக்கைப் பழைய ஸ்டாக்கோடு சேர்க்காமல் இரண்டு தலைமுறை தனியே வளர்த்து, பூச்சிப்பேன் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி, இரண்டு வேறு இன்குபேட்டரில்.

முதல் நாளே ஒவ்வொரு ஸ்டாக்கின் கண் நிறம், இறக்கை, முடி அடையாளங்களை எழுதி வையுங்கள். சில ஆர்.என்.ஏ.ஐ. லைன்களில் அடையாள ஜீன் வெர்மிலியன் என்பதால் கண் சிவப்பாகவே இருக்கும். அதைத் தெரியாதவர்கள் வெளி ஈ கலந்துவிட்டது என்று நல்ல ஸ்டாக்கைத் தூக்கி எறிகிறார்கள். மறுபக்கம், வெள்ளைக்கண் ஸ்டாக்கில் செங்கல் நிறக் கண்ணோடு ஓர் ஈ வந்தால் அது கலப்படம். தயங்காமல் அந்த வையலைக் கழித்துக்கட்டுங்கள்.

5. காலக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

முட்டையிலிருந்து பெரிய ஈ வர 25 டிகிரியில் ஏறக்குறைய 10 நாள். 18 டிகிரியில் அதைப்போல் இரு மடங்கு.

டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் சமர்ப்பிக்கும் புராஜெக்ட் என்றால், ஸ்டாக்கைப் பெருக்க இரண்டு தலைமுறை, தனிமைப்படுத்தல், முதல் கிராஸ், திரும்பச் செய்வது, எழுதுவது என்று கழித்துப் பாருங்கள். சாயம் போடும் வேலை பிப்ரவரி நடுவில் தொடங்கியாக வேண்டும். மார்ச்சில் முதல் கிராஸ் போடுபவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

6. விர்ஜின் சேகரிப்பு

பெண் ஈ ஏற்கெனவே தன் ஸ்டாக் ஆணோடு இணைந்திருந்தால் அந்த விந்தைச் சேமித்து வைத்து நாள்கணக்கில் பயன்படுத்தும். கிராஸ் முழுவதும் வீணாகிவிடும். கூட்டிலிருந்து வந்த பெண் 25 டிகிரியில் முதல் 8 மணி நேரம் போல் இணையாது. 18-இல் அந்த இடைவெளி ஏறக்குறைய இரட்டிப்பாகும். இந்த வித்தியாசத்தை நமக்குச் சாதகமாக்கலாம்.

காலையில் பாட்டிலில் உள்ள எல்லா ஈக்களையும் வெளியேற்றுங்கள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. மதியமும் மாலையும் வந்த பெண்களைப் பிரியுங்கள். பிறகு பாட்டிலை 18-க்கு மாற்றிவிட்டு மறுநாள் காலை முதல் வேலையாகத் திரும்பப் பிரியுங்கள்.

அடையாளம்: உடல் வெளிறியிருக்கும், வயிற்றின் அடியில் தோல் வழியே கரும்பச்சைப் புள்ளி ஒன்று தெரியும். புழுவாக இருந்தபோது உண்டதன் மிச்சம் அது. இந்தப் புள்ளி இருந்தால் மணிக்கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சேகரித்தவற்றைத் தனி வையலில் மூன்று நாள் வையுங்கள். விர்ஜினும் முட்டையிடும், ஆனால் புழு வராது. புழு தெரிந்தால் அந்த வையல் முழுவதையும் ஒதுக்குங்கள்.

மயக்குவதற்கு ஐஸ் மேல் வைத்த உலர்ந்த பெட்ரி தட்டே போதும். ஈதர் பயன்படுத்தினால் அளவு தப்பக் கூடாது: இறக்கைகள் செங்குத்தாக விரிந்து நின்றால் ஈ இறந்துவிட்டது.

7. கிராஸ்: கன்ட்ரோலிலிருந்து தொடங்குங்கள்

கேல்4 உள்ள கிராஸில் விர்ஜினை எப்போதும் கேல்4 ஸ்டாக்கிலிருந்து எடுத்து, ஆண்களை யூ.ஏ.எஸ். ஸ்டாக்குகளிலிருந்து எடுங்கள். ஒரே சேகரிப்பை எல்லாக் கிராஸுக்கும் பங்கிடலாம், எல்லாக் குஞ்சுகளுக்கும் தாய் ஒரே வகையாக இருக்கும்.

ஒரே நாளில், ஒரே தொகுதி உணவில், இவை அனைத்தும்:

- சி96-கேல்4 உடன் டபிள்யூ1118
- சி96-கேல்4 உடன் எம்செர்ரி ஆர்.என்.ஏ.ஐ.
- சி96-கேல்4 உடன் நாட்ச் ஆர்.என்.ஏ.ஐ., முதல் லைன்
- சி96-கேல்4 உடன் நாட்ச் ஆர்.என்.ஏ.ஐ., இரண்டாம் லைன்
- டபிள்யூ1118 விர்ஜினுடன் ஒவ்வொரு நாட்ச் லைனின் ஆண்

எம்செர்ரி எதற்கு, டபிள்யூ1118 போதாதா என்று கேட்பார்கள். கேல்4 நிறைய இருந்தால் அதுவே செல்களைப் பாதிக்கும், 29 டிகிரியில் கூடுதலாக. ஆர்.என்.ஏ.ஐ. இயந்திரத்தை ஓடவிடுவதாலேயே என்ன ஆகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு: பின்னால் இரண்டு யூ.ஏ.எஸ். சேர்த்து ஒரு ஈயில் வைக்கும்போது, இருக்கும் கேல்4-ஐ இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். அதில் ஓரம் சரியாகிவிட்டது என்றால், இரண்டாவது ஜீன் மீட்டதா, முதலாவது வலுவிழந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே ஒப்பிடும் ஈக்களில் யூ.ஏ.எஸ். எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும்.

ஒரு வையலுக்கு 8 முதல் 10 பெண், பாதி ஆண். முட்டை நூறைத் தாண்டாதபடி தினமும் புது வையலுக்கு மாற்றுங்கள். நெரிசலில் வளர்ந்த ஈ சிறுத்துப்போகும். இறக்கை அளவை ஒப்பிடவே முடியாது.

ஒவ்வொரு கிராஸையும் 18, 25, 29 மூன்றிலும் வையுங்கள். வெப்பம் ஏற ஏற ஓரச் சிதைவும் கூடினால், சிக்னலின் அளவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டீர்கள். 29-இல் மட்டும் ஒரு விளைவு வந்து, எம்செர்ரியிலும் அது இருந்தால் அதை நாட்ச்சின் கணக்கில் எழுதக் கூடாது.

8. முதலில் பெரிய ஈயின் இறக்கை

டிஸ்க்குக்கு அவசரப்படாதீர்கள். இறக்கையில் விளைவே இல்லாத லைனுக்கு ஆன்டிபாடி செலவழிப்பது வீண்.

குஞ்சு ஈக்களை 70% எத்தனாலில் சேமித்து, ஆண் பெண் பிரியுங்கள். பெண்ணின் இறக்கை பெரியது. கலந்து அளந்தால் எண்களுக்கு அர்த்தம் இல்லை. உடலோடு சேரும் மூட்டில் ஃபோர்செப்ஸால் பிடித்து இழுத்தால் இறக்கை முழுதாக வரும். ஐசோபுரோபனாலில் கழுவி, யூபராலில் மௌன்ட் செய்யுங்கள். டி.பி.எக்ஸ். மட்டும்தான் இருக்கிறது என்றால் முழு எத்தனால், சைலீன் வழியே போங்கள். ஈரம் மிஞ்சினால் பால்போல் வெளுத்துவிடும்.

பார்க்க வேண்டியவை: ஓரத்தில் வெட்டு இருக்கிறதா, எத்தனை, எங்கே, முன்ஓரத் தடித்த முடிகள் விட்டுப்போயிருக்கின்றனவா, நரம்புகள் தடித்திருக்கின்றனவா. வெட்டு இல்லாத இறக்கையில்கூட முன்ஓர முடி வரிசையில் சின்ன இடைவெளி இருக்கலாம். 10எக்ஸில் ஓரத்தை முழுதாக ஒருமுறை நகர்த்திப் பார்க்காதவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள்.

வெட்டே இல்லை, ஒன்றிரண்டு, பல, ஓரம் பெரும்பாலும் இல்லை என்று நான்கு வகுப்பு வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எண்ணுபவருக்கு எது எந்தக் கிராஸ் என்று தெரியக் கூடாது. நண்பரிடம் கொடுத்து ஸ்லைடுகளுக்குக் குறியெண் போடச் சொல்லுங்கள். எத்தனை வையலிலிருந்து வந்தவை என்பதையும் எழுதுங்கள். ஒரே வையலின் ஐம்பது இறக்கையும் மூன்று வையலின் ஐம்பது இறக்கையும் ஒரே பலம் கொண்ட சான்று ஆகாது.

மரபணு மாற்றிய ஈக்கு அனுமதி கிடைக்காதவர்கள் இந்தக் கட்டத்தோடு நல்ல புராஜெக்ட் செய்யலாம். நாட்ச் மியூட்டன்டைப் பார் கண் (ஒடுங்கிய கண்) உள்ள எஃப்.எம்.7 பேலன்சரோடு (மியூட்டன்ட் ஸ்டாக்கில் தொலையாமல் காக்கும், அடையாளமுள்ள குரோமோசோம்) வைத்த ஸ்டாக்கில் வெட்டுள்ள பெண்கள் கிடைக்கும். அவற்றை ஹேர்லெஸ் மியூட்டன்டோடு கிராஸ் செய்து, இரண்டிலும் பாதி அளவுள்ள பெண்களில் வெட்டு குறைகிறதா என்று எண்ணுங்கள். மூடி வைப்பவரின் அளவையும் குறைத்ததால் சமநிலை ஓரளவு திரும்பும். சிக்னலின் அளவைக் கட்டுப்படுத்துவது இழுபறியான இரு தரப்பு என்பதைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிடச் சிக்கனமான சோதனை இல்லை.

9. டிஸ்க் எடுத்தல்

இதற்கு என்கிரெய்ல்ட்-கேல்4 ஸ்டாக் சிறந்தது. பின்பாதியில் மட்டும் நாட்ச் குறையும், முன்பாதி அதே டிஸ்க்கிலேயே கன்ட்ரோலாக நிற்கும். சாயம் சரியாக ஏறவில்லையோ என்ற சந்தேகத்துக்கு அந்த முன்பாதியே பதில். 29 டிகிரியில் இவை கூட்டுக்குள்ளேயே இறந்துபோகலாம். அப்போதும் புழுவில் டிஸ்க்கைப் பார்க்கலாம்.

சரியான புழுவைத் தேர்வு செய்வதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். கேல்4 ஸ்டாக்கில் சுருள் இறக்கை பேலன்சர் இருந்தால் பாதிப் புழுக்களில் கேல்4 இருக்காது. சுருள் இறக்கை புழுவில் தெரியாது. அதனால்தான் அதே குரோமோசோமில் ஜி.எஃப்.பி. வைத்த ஸ்டாக்கைக் கேட்டோம்: பச்சையாக ஒளிரும் புழு வேண்டியது. மூன்றாம் குரோமோசோமுக்கு என்றால் டி.எம்.6பி பேலன்சர் நல்லது. அதைத் தாங்கிய புழு குட்டையாகத் தடித்திருக்கும், பார்த்தே ஒதுக்கலாம்.

வயது அடுத்தது. 4 முதல் 6 மணி நேரம் மட்டும் முட்டையிடவிட்டு, பெண்களை மாற்றிவிடுங்கள். உணவை விட்டு வெளியேறி வையல் சுவரில் ஏறும் மூன்றாம் பருவக் கடைசிப் புழுவைத்தான் எடுக்க வேண்டும். கட் புரதம் ஓரக்கோட்டில் தோன்றுவதே மூன்றாம் பருவத்தின் பிற்பகுதியில். உணவுக்குள் இருக்கும் இளம் புழுவை எடுத்துவிட்டு, நாட்ச் குறைந்ததால் கட் இல்லை என்று எழுதினால் அது பிழை. பாதிக்கப்பட்ட புழுக்கள் மெதுவாக வளர்வதும் உண்டு. மணிக்கணக்கை மட்டும் பார்க்காமல் டிஸ்க்கின் அளவையும் பாருங்கள்.

செய்முறை: புழுவைக் குளிர்ந்த பி.பி.எஸ். உப்புக் கரைசலில் கழுவுங்கள். நடுவில் பிடித்துப் பின்பாதியைப் பிய்த்து ஒதுக்குங்கள். முன்பாதியின் வாய்க்கொக்கியை ஒரு ஃபோர்செப்ஸால் உள்ளே தள்ளியபடி, மறு ஃபோர்செப்ஸால் தோலை அதன்மேல் உருட்டுங்கள்; தலையணை உறையைத் திருப்புவது போல உட்புறம் வெளியே வந்துவிடும். கொழுப்பு, குடல், உமிழ்நீர்ச் சுரப்பிகளை எடுத்துவிட்டு, டிஸ்க்குகளைத் தோலோடும் மூச்சுக்குழாயோடும் ஒட்டியபடியே விடுங்கள். இப்போதே பிரித்தால் கழுவும்போது தொலைந்துபோகும். இறக்கை டிஸ்க் முக்கிய மூச்சுக்குழாயை ஒட்டி இருக்கும். அதன் பக்கத்திலேயே சிறிய ஹால்டர் டிஸ்க்கும் கால் டிஸ்க்கும் கிடக்கும்.

ஐஸ் மேல் அரை மணிக்கு மேல் வைக்காமல் ஃபிக்ஸ் செய்யுங்கள். எல்லாப் புழுவையும் பிரித்துவிட்டு மொத்தமாக என்று காத்திருந்தால் முதலில் பிரித்தவை கெட்டுவிடும். பத்துப் பத்தாகப் போங்கள்.

10. ஃபிக்ஸ், சாயம், மௌன்ட்

4% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம். நெறிமுறைத் தாள்களில் அறை வெப்பநிலை என்று இருக்கும்; அது 22 முதல் 25 டிகிரி. மே மாத மதியத்தில் உங்கள் அறை அப்படி இல்லை. ஏ.சி. அறையில் செய்யுங்கள். பாராஃபார்மால்டிஹைடு புதிதாகத் தயாரித்ததாக இருக்கட்டும்.

0.1 முதல் 0.3% டிரைட்டான் கலந்த பி.பி.எஸ்.ஸில் மூன்று முறை கழுவி, 5% ஆட்டுச் சீரத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிளாக் செய்யுங்கள். பிறகு முதல் ஆன்டிபாடி, இரவு முழுவதும் 4 டிகிரியில். கழுவி, இரண்டாம் ஆன்டிபாடி இரண்டு மணி நேரம், இருட்டில். கழுவி, நியூக்ளியஸுக்குச் சாயமான டாபி, மௌன்ட்.

அயோவா பல்கலைக்கழக ஹைப்ரிடோமா வங்கியில் கட்டுக்கு 2பி10, விங்லெஸ்ஸுக்கு 4டி4 குறைந்த விலையில் கிடைக்கின்றன. இரண்டுமே சுண்டெலி (மவுஸ்) ஆன்டிபாடி. ஒரே டிஸ்க்கில் இரண்டையும் போட்டு, சுண்டெலிக்கு எதிரான இரண்டாம் ஆன்டிபாடியை ஊற்றினால் இரண்டும் ஒரே நிறத்தில் ஒளிரும். டிஸ்க்குகளை இரு குழாயாகப் பிரித்து ஒன்றுக்குக் கட், ஒன்றுக்கு விங்லெஸ் போடுங்கள். செல் சாவைக் காட்டும் டிசிபி-1 ஆன்டிபாடி முயலில் செய்தது. அதைக் கட்டோடு சேர்க்கலாம்.

முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு குழாய் அவசியம். அதிலும் ஒளி தெரிந்தால் மற்றதை நம்ப முடியாது.

மௌன்ட் செய்யும்போதுதான் டிஸ்க்கைத் தோலிலிருந்து பிரிக்க வேண்டும். கன்ட்ரோலையும் சோதனையையும் ஒரே அமர்வில், ஒரே லேசர், ஒரே கெயின் அளவில் படம் எடுங்கள். கான்ஃபோகல் கிடைக்காதவர்கள் சாதாரண ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் இதைப் பார்க்கலாம். கட் கோடு தெளிவாகவே தெரியும்.

11. படத்தைப் படித்தல்

டிஸ்க்கின் குறுகிய முனை மார்புப் பகுதி, அகன்ற வட்டப் பகுதி இறக்கையாகப்போவது. வட்டத்தின் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுதான் மேல்–கீழ் எல்லை. பச்சை தெரியும் பாதி பின்பாதி.

எதிர்பார்ப்பது: முன்பாதியில் கட் கோடு முழுதாக வந்து, பச்சை தொடங்கும் இடத்தில் அறுந்து நிற்கும். மார்புப் பகுதிக்கு அடியில் உள்ள தசை முன்செல்களிலும் கட் நிறைய உண்டு. அது நாட்ச்சின் ஓரக்கோட்டோடு தொடர்பில்லாதது. அங்கே ஒளி இருந்து பின்பாதிக் கோட்டில் மட்டும் இல்லை என்றால் சாயத்தில் குறையில்லை.

விங்லெஸ் படத்தில் குறுக்குக் கோட்டைத் தவிர, வட்டத்தைச் சுற்றி வளையங்களும் தெரியும். நாம் பார்க்க வேண்டியது குறுக்குக் கோடு. வளையத்தைக் கோடு என்று அளந்துவந்த படங்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஓரத்தில் வெட்டு என்பது நாட்ச்சின் தனிச்சொத்து இல்லை. விங்லெஸ் குறைந்தாலும் வெட்டு வரும், ஓரச் செல்கள் செத்தாலும் வரும். கட், விங்லெஸ் இரண்டும் போயிருந்தால் குறை நாட்ச்சிலோ அதற்கு மேலோ. கோடு இரண்டும் இருந்து, டிசிபி-1 மட்டும் ஓரத்தில் நிறைய தெரிந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள். இந்தப் பிரிப்பைச் செய்யாத முடிவுரை வைவாவில் நிற்காது.

12. எப்போது என்ற கேள்வி: கேல்80-டி.எஸ்.

கேல்80 கேல்4-ஐ அடக்கி வைக்கும். அதன் டி.எஸ். வடிவம் 18 டிகிரியில் வேலை செய்யும், 29-இல் செயலிழக்கும். ஆகவே 18-இல் வளர்த்து, வேண்டிய நேரத்தில் 29-க்கு மாற்றினால் நாட்ச்சை அந்த நேரத்திலிருந்து குறைக்கலாம்.

18-இல் வளர்ச்சி பாதி வேகம். 18-இல் கழிந்த இரண்டு நாளை 25-இன் ஒரு நாளாகக் கணக்கிடுங்கள். நம்பிக்கை வராவிட்டால் சில புழுக்களை எடுத்து முன் சுவாசத் துளையைப் பாருங்கள். விரல்போல் கிளைத்திருந்தால் மூன்றாம் பருவம்.

மாற்றியவுடன் விளைவு தொடங்காது. கேல்80 ஓய வேண்டும், கேல்4 இயங்க வேண்டும், ஏற்கெனவே உள்ள நாட்ச் புரதம் தேய வேண்டும். அரை நாளிலிருந்து ஒரு நாள்வரை அதற்குப் போகும். அறிக்கையில் மாற்றிய நேரத்தை எழுதுங்கள். சிக்னல் நின்ற நேரம் என்று எழுதாதீர்கள். 18-இலேயே கடைசிவரை வைத்த ஒரு தொகுதியும், 29-இலேயே வைத்த ஒரு தொகுதியும் கூடவே ஓட வேண்டும். முதலாவதில் வெட்டு வந்தால் அடக்குதல் ஒழுகுகிறது என்று பொருள்.

13. நேரம் மிஞ்சினால்: ஃப்ரிஞ்ச்சின் வேலையைக் கண்ணால் பார்க்க

பேட்ச்டு-கேல்4 டிஸ்க்கின் முன்–பின் எல்லையை ஒட்டி ஒரு பட்டையில் இயங்கும். அந்தப் பட்டை மேல்பக்கம், கீழ்ப்பக்கம் இரண்டையும் கடந்து ஓடும். அதில் யூ.ஏ.எஸ்.-செரேட் போட்டு விங்லெஸ் சாயம் பாருங்கள். கீழ்ப்பக்கத்தில் புதுக் கோடு வரும். ஃப்ரிஞ்ச் உள்ள மேல்பக்கத்தில் வராது. யூ.ஏ.எஸ்.-டெல்டா போட்டால் மேல்பக்கத்தில்தான் வலுவாக வரும்.

புதுக் கோடு பட்டையின் நடுவை விட்டு விளிம்பை ஒட்டியே நிற்பதையும் கவனியுங்கள். ஒரே செல்லில் டெல்டாவோ செரேட்டோ அளவுக்கு மீறி இருந்தால், அது அந்தச் செல்லின் சொந்த நாட்ச்சையே முடக்கிவிடும். பக்கத்துச் செல்லுக்கு மட்டும் சிக்னல் போகும். இதைக் காண 20எக்ஸ் போதாது. 40எக்ஸில் பட்டையின் விளிம்பை மட்டும் தனிப்படமாக எடுங்கள்.

வேலை முடிந்த ஈக்களையும் வையல்களையும் மைனஸ் 20-இல் உறையவைத்து, பிறகு ஆட்டோகிளேவ் செய்துதான் வெளியே போட வேண்டும். பாராஃபார்மால்டிஹைடு கழிவுக்குத் தனிக் கேன். தொட்டியில் ஊற்றக் கூடாது. தொடர்ந்து வைத்திருக்க வேண்டிய ஸ்டாக்கை அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைக்கும்போது, கண் நிறக் குறிப்பையும் எந்தத் தட்டில் எத்தனை டிகிரி என்ற பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள்.